பிரீமைஸ் 30.5 எஸ்.சி.: செட்டிநாட்டு வீட்டுக்கு இந்தக் கறையான் மருந்து சரிப்படுமா?

பிரீமைஸ் நல்ல மருந்து. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் மண்ணுக்குள் கூடு வைத்து வீட்டுக்குள் ஏறி வரும் கறையானுக்கு, கடையில் கிடைப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஆனால் செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் எத்தனை லிட்டர் கரைசல், எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்கியது என்பதை வைத்தே பலன் அமைகிறது. அளவைக் குறைத்து, இடம் தவறி அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. அதனால் இந்த மதிப்புரையில் டப்பாவைவிட வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி 30.5 சதவீதம், தண்ணீரில் மிதக்கும் நுண்துகளாக. எஸ்.சி. என்பது இந்த வடிவத்தைத்தான் குறிக்கிறது. பேயர் நிறுவனத்தின் மருந்தாக அறிமுகமானது. அந்தப் பிரிவு 2022-ல் கைமாறி என்வு என்ற தனி நிறுவனமாகிவிட்டது. இதன் தனிச்சிறப்பு, கறையானுக்கு இது இருப்பதே தெரியாது. மருந்து கலந்த மண்ணைக் கண்டு ஒதுங்காமல் அதற்குள்ளேயே நடந்து போகும். உடனே சாகவும் சாகாது. உடம்பில் ஒட்டியதோடு கூட்டத்துக்குள் போய், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது மற்றவற்றுக்கும் பரப்பும். அதனால் மருந்து போட்ட மறுநாள் மண்பாதையில் நடமாட்டம் இருந்தால் பதற வேண்டாம். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். இடையில் பொறுமையிழந்து கொசு, கரப்பான் ஸ்பிரேயை மண்பாதையில் அடிப்பது பெரிய கெடுதல். அந்த ஸ்பிரேயின் வாடைக்குக் கறையான் பாதையை மாற்றிக்கொள்ளும், மருந்து போட்ட மண் பக்கம் வராமலே போய்விடும்.

உங்கள் வீட்டில் இருப்பது மண் கறையான்தானா என்பதை உறுதி செய்துகொள்ளாமல் இந்த மருந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். சுவரிலும் கதவு நிலையிலும் பென்சில் பருமனில் மண்பாதை ஏறியிருந்தால், தட்டினால் மரம் வெற்றோசை கொடுத்தால், உடைத்த இடத்துக்குள் ஈர மண் அப்பியிருந்தால் அது மண் கறையான். மரத்தில் மண்ணே இல்லாமல், அடியில் கசகசா போன்ற மணிகள் கொட்டிக் கிடந்தால் அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் வேறு வகை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த மணிகள் ஆறு பட்டையாகத் தெரியும். முகப் பவுடர் போல மாவு கொட்டி, மரத்தில் ஊசித் துளைகள் இருந்தால் அது உளுத்த மரம், வண்டின் வேலை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கி வரும் பெட்டி, கதவுச் சட்டம் போன்றவற்றில் இந்த மாவைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மணி கொட்டும் கறையானுக்கும் மாவு கொட்டும் வண்டுக்கும் மண்ணில் எவ்வளவு பிரீமைஸ் ஊற்றினாலும் பயனில்லை.

மண்பாதையில் இப்போது நடமாட்டம் உண்டா என்று அறிய, நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மூடியிருந்தால் உயிருள்ள பாதை. மருந்து அடிப்பதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று எல்லாப் பாதைகளையும் துடைத்துவிடாதீர்கள். எங்கே துளை போட வேண்டும் என்று காட்டுபவை அந்தப் பாதைகள்தான்.

இனி கலவை. கட்டடத்துக்குள் கறையானுக்கு மருந்து போடும் முறையை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறது. கட்டி முடித்த வீடுகளுக்கு அதன் மூன்றாம் பகுதி. இமிடாக்ளோபிரிட் கரைசல் 0.075 சதவீதம் இருக்க வேண்டும். பிரீமைஸில் அதற்கான அளவு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. 20 லிட்டர் வாளிக்கு 42 மில்லி, 200 லிட்டர் டிரம்முக்கு 420 மில்லி. ஒரு லிட்டர் மருந்து ஏறத்தாழ 475 லிட்டர் கரைசல் தரும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, பாதித் தண்ணீரில் மருந்தை ஊற்றிக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். வேலை நடக்கும்போதும் அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். இது கரையும் மருந்தில்லை, மிதக்கும் துகள். விட்டுவிட்டால் அடியில் படியும்; மேலே தெளிந்த தண்ணீரைத்தான் சுவருக்குள் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உரக்கடையில் பயிருக்கு விற்கும் இமிடாக்ளோபிரிட் 17.8 எஸ்.எல்., இதைவிட மலிவு. பெயர் ஒன்றாக இருப்பதால் "அதே மருந்துதாங்க" என்று சொல்லி அதையே கொண்டுவந்து, அதே 2.1 மில்லி கணக்கில் கலந்தால் கரைசலின் வீரியம் 0.042 சதவீதத்தில் நின்றுவிடும். வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்: 30.5 எஸ்.சி. வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், தண்ணீரில் விட்டால் பால் கலந்தது போல் கலங்கும். 17.8 எஸ்.எல். தெளிந்த மஞ்சள் திரவம், தண்ணீரில் கலங்காமல் கரைந்துவிடும். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது லிட்டர் கணக்கு. செட்டிநாட்டு வீட்டில் வேலை கெடுவது பெரும்பாலும் இதில்தான்.

பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனங்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கின்றன. அபார்ட்மெண்டுக்கு அது பொருந்தலாம். நகரத்தார் வீட்டில் முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுத்தடுத்துச் சுவர்கள். மருந்து போவது சுவரின் நீளத்தைப் பொறுத்து. தரையின் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் மருந்து பாதியில் தீர்ந்துவிடும். ஆகவே விலை பேசும் முன் டேப் பிடித்து ஓடு மீட்டர், அதாவது சுவர்களின் மொத்த நீளம், அளந்து எழுதச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 15 மீட்டர் முகப்பும் 45 மீட்டர் நீளமும் உள்ள வீடு. வெளிச்சுற்று 120 மீட்டர். தரநிலைப்படி வெளிச்சுவரை ஒட்டி ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, அதற்குள் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் கம்பியை இறக்கி, கம்பியைச் சுவருக்கு இணையாக முன்னும் பின்னும் ஆட்டி மண்ணை இளக்கி, மீட்டருக்கு 1.75 லிட்டர் ஊற்ற வேண்டும். வெட்டிய மண்ணை மூடும்போது மேலும் அரை லிட்டர். மொத்தம் மீட்டருக்கு 2.25 லிட்டர். 120 மீட்டருக்கு 270 லிட்டர், அதற்கு மருந்து 567 மில்லி. சுவரைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டிருந்தால் வாய்க்கால் வெட்ட முடியாது; சுவரை ஒட்டி 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, அதே 2.25 லிட்டர் கணக்கில் கீழே உள்ள மண்ணுக்குள் ஏற்ற வேண்டும்.

உள்ளே வாருங்கள். வளவின் இருபுறமும் சேர்த்துப் பத்து அறைகள், ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறைக்குச் சுவரடி 12 மீட்டர். தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர். அறைக்கு 40 லிட்டர், பத்து அறைக்கு 400 லிட்டர். வெளிச்சுற்றையும் சேர்த்தால் 670 லிட்டர் கரைசல், 1.4 லிட்டர் மருந்து. பட்டாலை, அடுப்படி, நிலைகள் எல்லாம் இதற்கு மேல். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒருவர் முதுகில் 16 லிட்டர் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வந்து அரை நாளில் முடித்துவிட்டுப் போனால், சுவரின் அடியை ஈரமாக்கியிருக்கிறார், அவ்வளவுதான். எத்தனை டிரம் கலந்தார்கள் என்று வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து எண்ணி எழுதி வைப்பது நல்லது.

நம் பக்கத்துச் செம்மண் சரளையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வறண்ட காலத்தில் மண் வெடித்திருக்கலாம். வேகமாக ஊற்றினால் கரைசல் வெடிப்பு வழியாக ஆழத்துக்கு ஓடிவிடும், சுவரை ஒட்டித் தடுப்பாக நிற்காது. பாதியை ஊற்றி, ஊறவிட்டு, மீதியை ஊற்ற வேண்டும். பம்பின் அழுத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். அழுத்தம் கூடினால் ஒரு துளையில் ஏற்றிய மருந்து பக்கத்துத் துளை வழியாகப் பீறிட்டு வந்துவிடும்.

தரையைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம், அந்தப் பயம் நியாயமானது. ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் கண்ணாடி மேல் கையால் வார்த்தது. பழைய வீட்டின் கல் உடைந்தால் அதே நிறம், அதே பூ திரும்பக் கிடைப்பது அரிது. அதற்காகத் துளையே போடாமல் விட்டால் உள்பகுதி பாதுகாப்பில்லாமல் போய்விடும். எங்கள் பரிந்துரை: கல்லின் நடுவில் துளை கூடவே கூடாது. சுவரோரத்துப் பார்டர் கல்லுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இணைப்பில் மட்டும் போட வேண்டும். முதல் ஓர் அங்குலத்துக்கு டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். அடியில் சுண்ணாம்புக் காரை வந்த பிறகு சுத்தியலைப் போட்டுக்கொள்ளலாம். துளையை அடைக்க வெள்ளைச் சிமென்டில் தரையின் நிறத்துக்கு ஆக்சைடு கலந்து, முதலில் ஒரு சிறு தகட்டில் பூசிக் காயவிட்டு நிறத்தை ஒப்பிடுங்கள். ஈரத்தில் ஒத்துப்போகும் நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும்.

சுவர் இன்னும் கடினம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் போட்ட துளையை யாராலும் தடம் தெரியாமல் மூட முடியாது. ஆகவே பூச்சு நன்றாக இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, சுவரின் மறுபக்கத்தில் பேஸ்மட்டத்தின் உயரத்தில், 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து, 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போடுங்கள். துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர், அதற்கு முன்பே ஏற்க மறுத்தால் நிறுத்திவிடலாம். நூறாண்டு கடந்த சுவரில் செங்கல் இணைப்புக்குள் சுண்ணாம்பு உதிர்ந்து இடைவெளி விட்டிருக்கும். கறையான் மேலே ஏறும் வழி அந்த இடைவெளிதான். இந்தத் துளைகளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கதவு நிலைக்கு வருவோம். பர்மாத் தேக்கின் நடுவே உள்ள கெட்டியான வைரப் பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. அதைச் சுற்றியுள்ள வெளிறுப் பகுதியையும், பின்னால் ஆசாரி நாட்டுக்கட்டையில் போட்ட ஒட்டுகளையும்தான் தின்னும். ஆகவே தேக்கு வீடு என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்; ஒட்டுப் போட்ட இடங்களை முதலில் தட்டிப் பாருங்கள். மரமும் சுவரும் சேரும் கோட்டில் 6 மில்லிமீட்டர் துளை, 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, கீழ்நோக்கிச் சாய்வாக, துளைக்கு அரை லிட்டர் வரை. இதுவரைக்கும் பிரீமைஸ் போதும். மரத்துக்குள்ளேயே மருந்து ஏற வேண்டுமென்றால் பிரீமைஸ் உதவாது. தண்ணீர் மருந்து தேக்குக்குள் இறங்காது. மண்ணெண்ணெயில் கலந்தால் சேராமல் திரண்டு நிற்கும். மரத்துக்கென்றே விற்கும் எண்ணெய் அடிப்படை மருந்தை, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டுச் சிரிஞ்சில் ஏற்றுங்கள். பாலிஷ் உள்ள மரத்தில் எண்ணெய் மருந்து வழிந்தால் கறை விழும். மறைவான மூலையில் சோதித்த பிறகு செய்யுங்கள். அன்றைக்கு அந்த அறையில் விளக்கேற்றுவது கூடாது.

மேல்தளத்தில் கூரையைத் தாங்கும் கைமரத்திலும் ரீப்பரிலும் மட்டும் கறையான் இருக்கிறது, கீழே ஒரு பாதையும் இல்லை என்றால் கூரை ஓடுகளைப் பாருங்கள். நாட்டு ஓடு நகர்ந்து மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்தில், கீழே மண்ணைத் தொடாமலே மேலேயே கூடு வைத்து வாழும் வகையும் உண்டு. ஒழுக்கை நிறுத்தி மரம் காய்ந்தால்தான் அது அழியும். கூரையின் உட்புறத்துப் பாலிஷ் இல்லாத மரங்களுக்கு முந்திரிக்கொட்டையின் மேலோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் பழைய வழக்கம் நல்லதுதான். தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் எண்ணெய் அது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நிறமும் கறுத்துவிடும்.

போட்டி மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எஃப்.எம்.சி.யின் பைஃப்ளெக்ஸ் டி.சி., பைஃபென்த்ரின் 2.5 சதவீதம், லிட்டருக்கு 20 மில்லி. மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரோடு எளிதில் நகராது. அது பெரிய நன்மை. ஆனால் கறையானை விரட்டும் வகை. தடுப்பில் எங்காவது ஓர் அங்குலம் விட்டுப்போனால் கறையான் தேடி அந்த வழியே வந்துவிடும். ஆத்தங்குடித் தரையைக் காப்பாற்றத் துளைகளைக் குறைக்கும் வீட்டில் அந்த ஓர் அங்குலம் நிச்சயம் விட்டுப்போகும். அதனால்தான் இந்த வீடுகளின் உள்பகுதிக்குப் பிரீமைஸை முன்னால் வைக்கிறோம். குளோர்பைரிஃபாஸ் 20 ஈ.சி., லிட்டருக்கு 50 மில்லி, மலிவு. வாடை நாள்கணக்கில் நிற்கும். அமெரிக்காவில் இதன் வீட்டு உபயோகத்தை நிறுத்த 2000-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். குழந்தைகளும் முதியவர்களும் தங்கும் வீட்டுக்குள் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பிரீமைஸின் குறை ஈரத்தில் தெரியும். பைஃபென்த்ரின் அளவுக்கு இது மண்ணைப் பிடித்துக்கொள்ளாது; தண்ணீரோடு நகரும். தேனீக்கும் நீரில் வாழும் பூச்சிகளுக்கும் கடும் நஞ்சு. முற்றத்து மழைத்தண்ணீரைக் கிணற்றுக்கோ ஊருணிக்கோ விடும் வீடுகள் நம்முடையவை. அந்தப் போக்கு வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும் மருந்தை ஏற்றக் கூடாது. அங்கே அரித்த மரத்தை மாற்றுவதும், ஒழுகும் குழாயைச் சரி செய்வதும், சுவரடியில் மண் மேடு ஏறியிருந்தால் வெட்டி இறக்குவதும் போதும். ஊருணியை ஒட்டிய பக்கத்துக்குப் பைஃபென்த்ரினும் மாற்றில்லை, மீனுக்கு அது பெரும் நஞ்சு. மழை பெய்யும்போதும் மண் சொதசொதவென்று இருக்கும்போதும் வேலையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாசியில் மண் லேசான பதத்தோடு இருக்கும் நாள்கள் இதற்கு ஏற்றவை.

தோட்டத்தில் புற்று இருந்தால் அதை உடைத்து, உள்ளே கம்பியால் துளைத்துக் கரைசலை ஊற்றுவது தரநிலை சொல்லும் வழி. மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றும் புற்றாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பாம்பு இருக்கக்கூடும் என்பதும் ஒரு காரணம். வீட்டின் சுவரைச் சுற்றிய தடுப்பு முழுமையாக இருந்தால் புற்று தன் இடத்தில் இருந்துகொள்ளலாம்.

பங்காளிகள் சேர்ந்து செலவு செய்யும் வீட்டில் ஒரு பங்குக்காரரின் அறைகளுக்கு மட்டும் மருந்து போடுவதைப் பார்க்கிறோம். சுவர் பொதுவாக இருக்கும்போது அது வீண். பூட்டியிருக்கும் அறைகளின் சாவியை வரவழைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் அந்த அறைகளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று நிறுவனம் பின்னால் சொல்லிவிடும். ஒப்பந்தத் தாளில் மருந்தின் பெயர், சதவீதம், பேட்ச் எண், ஓடு மீட்டர், துளைகளின் இடைவெளி, மொத்த லிட்டர், உத்தரவாத காலத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சுவரை ஒட்டித் தோட்டம் போடுவதோ, புதிதாகக் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவதோ தடுப்பை அறுத்துவிடும். தோண்டினால் அந்த நீளத்துக்கு மட்டும் திரும்ப மருந்து போட வேண்டும்.

வீடு பூட்டியே கிடந்து, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறதென்றால், பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிலைகளின் அடி, மச்சுப்படியின் முதல் படி, சாமான் அறையின் பின்சுவர், பரணில் அட்டைப்பெட்டி வைத்த மூலை, ஒழுகும் ஓட்டுக்குக் கீழே உள்ள கைமரம். ஐந்து இடம் போதும். முதல் மழைக்குப் பிறகு ஜன்னலடியில் ஈசல் இறகு குவிந்திருந்தால் போட்டோ எடுத்து அன்றே அனுப்ப வேண்டும். பெட்டகங்களையும் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கும் மர அலமாரிகளையும் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வைத்து நிறுத்தினால், பின்னால் ஏறும் பாதை டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.